பழைய அட்டைப்பெட்டியில் அலங்காரப் பெட்டி: எந்த அட்டை, எந்தப் பசை, கடைசியில் எங்கே போகும்?

கிருஷ்ணகிரி அட்டைப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மாங்காய் சீசன் நேரத்தில் கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அட்டைப்பெட்டிதான். பழ மண்டி வாசலில், பார்சல் ஆபீஸ் பின்புறத்தில், ஆன்லைனில் வாங்கிய பொருளோடு வந்து பரண் ஏறிய பெட்டிகள் வேறு. இவற்றை வைத்து அலங்காரப் பெட்டி செய்ய அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வளையல் பெட்டி, கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் பெட்டி, கல்யாணத் தட்டு வரிசைக்கு வைக்கும் பெட்டி, இப்படி.

இணையத்தில் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் நேராக அலங்காரத்துக்குப் போய்விடுகிறார்கள். ஹாட் குளூ, கிளிட்டர், பிளாஸ்டிக் முத்து, தெர்மாகோல் பூ. ஆறு மாதத்தில் மூடி வளைந்து, மூலை பிரிந்து, பெட்டி குப்பைக்குப் போகிறது. பழைய பேப்பர் கடையிலும் அதை எடுக்க மாட்டார்கள். எடைக்குப் போட்டிருந்தால் மறுபடி காகிதமாகியிருக்க வேண்டிய அட்டையை நாமே குப்பையாக்கிய மாதிரி ஆகிவிடுகிறது. அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

என் கட்சி இதுதான்: பெட்டி வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். அதன் காலம் முடிந்த பிறகு பிரித்து எடைக்குப் போடவும் முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க அட்டையும் பசையும் சரியாக அமைந்தாலே போதும், அலங்காரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அட்டை பற்றித் தெரிந்தவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய இருக்கிறீர்கள். வாருங்கள், பேசுவோம்.

---

ஓசூர் கார்ட்டன்

நல்ல பேச்சு அக்கா. நான் ஓசூரில் பெட்டி தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அட்டையை வெட்டி ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தட்டைக் காகிதம், நடுவில் நெளி நெளியாக ஒன்று. இது மூணு பிளை. நெளி இரண்டு வரிசை இருந்தால் அஞ்சு பிளை. எங்கள் ஊரில் வண்டி உதிரிபாகங்கள் வரும் கனத்த பெட்டிகளில் ஏழு பிளையும் பார்க்கலாம். அலங்காரப் பெட்டிக்கு அஞ்சும் ஏழும் வேண்டாம், மூலை கூர்மையாக வராது.

அந்த நெளியைத்தான் ஃப்ளூட் என்போம். சாதாரணப் பார்சல் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் பி ஃப்ளூட், கிட்டத்தட்ட 3 மில்லி கனம். செல்போன், மிக்ஸி மாதிரிப் பொருள் வரும் அச்சடித்த பெட்டிகளில் இ ஃப்ளூட் இருக்கும், ஒன்றரை மில்லி அளவுதான். சின்னப் பெட்டிக்கு இ ஃப்ளூட் கிடைத்தால் விடாதீர்கள். மடிப்பு அழகாக விழும்.

திசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். நெளி ஓடும் வாக்கில் அட்டை சுலபமாக மடியும். குறுக்கே மடித்தால் நசுங்கி, கோணலாக உடையும். சுவர்ப் பக்கங்களில் நெளி மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். தூண் வரிசையாக நின்று பாரம் தாங்குவது அதுதான். கம்பெனிப் பெட்டி எதை எடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். வீட்டில் செய்கிறவர்கள் அட்டை மிச்சமாகட்டும் என்று ஒரு பக்கம் நிறுத்தியும் ஒரு பக்கம் படுக்கையாகவும் வெட்டிவிடுகிறார்கள். நாலு பெட்டியை அடுக்கினால் அடிப்பெட்டி அந்தப் பக்கமே சாயும்.

---

காவேரிப்பட்டணம் மாணவி

அக்கா, எனக்கு இரண்டு சந்தேகம். மூடிக்கு மேலே கலர் பேப்பர் ஒட்டிக் காயவைத்தால் காலையில் வில் மாதிரி வளைந்து கிடக்கிறது. இன்னொன்று, மூடியும் அடியும் அளந்து வெட்டினாலும் மூடி உள்ளே இறங்குவதே இல்லை. என்ன செய்யலாம்?

---

கிருஷ்ணகிரி அட்டைப்பெட்டி

இரண்டும் நல்ல கேள்வி கண்ணு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பசையில் தண்ணீர் இருக்கிறது. மேலே ஒட்டும் காகிதம் அந்த ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் எந்தப் பக்கம் ஒட்டினாயோ அந்தப் பக்கமாக வளைகிறது. அடிப்பக்கத்திலும் அதே கனத்தில் ஒரு காகிதம் ஒட்டிவிடு. இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தால் அட்டை நேராக நிற்கும். உள்ளே ஒட்டுவது கலர் பேப்பராக இருக்க வேண்டியதில்லை, பழைய காலண்டர் தாள் போதும். ஒட்டியதும் வெயிலில் வைக்காதே. இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள் வைத்து, மேலே பலகை போட்டு, அம்மிக்குழவியோ கனத்த புத்தகமோ ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடு. தருமபுரி வெயிலில் பசை மேலே சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அதுவும் வளைவுக்குக் காரணம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் மூணு பிளை அட்டை இரண்டை, ஒன்றின் நெளி நெடுக்கிலும் இன்னொன்றின் நெளி குறுக்கிலும் இருக்கும்படி ஒட்டு. மூடியின் மேற்பலகைக்கு நான் எப்போதும் இப்படித்தான் செய்வேன்.

அடுத்தது அளவு. அட்டையின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மூடி இறங்காது. ஒரு உதாரணம். பெட்டியின் உள்ளளவு 15க்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். 3 மில்லி அட்டைச் சுவர் இரண்டு பக்கமும் வந்தால் வெளியளவு 15.6க்கு 10.6. மேலே ஒட்டும் காகிதம், மூலைப் பட்டை எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு மில்லி. மூடி இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் இறங்க இன்னும் இரண்டு மில்லி விட வேண்டும். ஆக மூடியின் உள்ளளவு 15.9க்கு 10.9. துணி சுற்றுவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டு. முதலில் அடிப்பெட்டியை முழுசாக முடித்து, காகிதமும் ஒட்டிக் காயவைத்து, அதை அளந்த பிறகுதான் மூடிக்கு அட்டையில் கத்தி வைக்க வேண்டும்.

கத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காதே. ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து மூன்று நான்கு முறை மெதுவாக இழு. மழுங்கிய பிளேடுதான் கையை வெட்டும், புது பிளேடு இல்லை. மடிப்புக்கோடு போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும்.

---

தருமபுரி பழைய பேப்பர்

தலைமுறையாகப் பழைய பேப்பர், இரும்புக் கடை வைத்திருக்கிறோம். மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்டை எடைக்கு வந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. நாங்கள் கட்டி மில்லுக்கு அனுப்புகிறோம், கூழாகி மறுபடி அட்டையாகிறது. இந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களுக்கு அட்டைதான் அன்றாடக் காசு. அதை நிறுத்தி நாலு பெட்டி செய்வதால் பூமிக்கு என்ன லாபம்? கிளிட்டர் ஒட்டி, பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் லேஸ் சுற்றிய பெட்டி வந்தால் நான் திருப்பித்தான் அனுப்புவேன். ஒரு கட்டில் அப்படி நாலு கலந்திருந்தாலே மில்லில் முழுக் கட்டுக்கும் விலையைக் குறைப்பார்கள்.

---

பாலக்கோடு வாத்தியார்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று யோசிக்க வேண்டும். காகித நாரை எத்தனை முறை வேண்டுமானாலும் கூழாக்க முடியாது. ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிறது. பொதுவாக ஐந்திலிருந்து ஏழு சுற்று என்பார்கள், அதன் பிறகு பிணைப்பு நிற்காது. கூழாக்கத் தண்ணீர் வேண்டும், காயவைக்க எரிபொருள் வேண்டும். ஒரு அட்டை நாலைந்து வருஷம் பெட்டியாக வாழ்ந்துவிட்டு உங்கள் கடைக்கு வந்தால் ஒரு சுற்று மிச்சம்தானே? தொடங்கியவர் கேட்பதும் அதுதான், கடைசியில் உங்கள் கடைக்கு வரும்படி செய்ய வேண்டும் என்று.

கூடவே ஒரு தகவல். இந்த நெளி காகிதம் முதலில் பெட்டிக்காக வந்ததே இல்லை. 1856-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது உயரமான தொப்பிகளுக்கு உள்ளே வைத்துத் தைக்க. 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் புட்டி உடையாமல் சுற்ற அதற்குக் காப்புரிமை வாங்கினார். நெளியோடு தட்டைக் காகிதம் சேர்த்து ஒட்டும் யோசனைக்கு 1874-இல் ஆலிவர் லாங் என்பவர் காப்புரிமை வாங்கினார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் அட்டையைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

---

தருமபுரி பழைய பேப்பர்

வாத்தியார் ஐயா, நார் பற்றிச் சொன்னீர்கள், அதையே எல்லோரும் கையால் சோதிக்கலாம். அட்டையின் மேல் காகிதத்தைக் கிழித்து, கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீளமான முடி மாதிரி பிசிறு பிசிறாக நார் நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல அட்டை. பல முறை கூழான அட்டை மொட்டையாகக் கிழியும், விரலில் தூசி ஒட்டும். வெளிநாட்டு எந்திரம் வந்து இறங்கும் பெட்டிகளில் பைன் மரத்து நீள நார் இருக்கும். கிழிக்கவே கை வலிக்கும். பெட்டி செய்கிறவர்களுக்கு அதுதான் சரி.

நான் எடுக்காதவை இவை: மெழுகு பூசிய அட்டை, பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பளபளப்பு அட்டை, எண்ணெய் குடித்த அட்டை. இதில் உங்கள் பசையும் ஒட்டாது. நகத்தால் கீறிப் பாருங்கள், மெழுகு இருந்தால் வெள்ளையாகச் சுருண்டு வரும். தைத்த கம்பி பின் இருந்தால் கட்டிங் பிளேயரால் எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது சொல்லுங்கள். எந்தப் பசையில் ஒட்டினால் எனக்குப் பிரச்சினை இல்லாமல் வரும்?

---

கிருஷ்ணகிரி அட்டைப்பெட்டி

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் ஐயா. மாவுப் பசை.

கார்ட்டன் கம்பெனியிலேயே நெளியையும் தட்டைக் காகிதத்தையும் ஒட்டுவது ஸ்டார்ச் பசைதான், ஓசூர் தம்பி சொல்லட்டும். நமக்கு ஸ்டார்ச் தேடி எங்கும் போக வேண்டாம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவு இருக்கிறதே, அதுவே அருமையான பசை. மைதாவை விடத் தெளிவாக இருக்கும், காய்ந்தால் மஞ்சள் தட்டாது.

ஒரு பங்கு மரவள்ளி மாவு, ஆறு பங்கு தண்ணீர். முதலில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். மீதித் தண்ணீரைச் சூடாக்கி, கொதி வருவதற்குச் சற்று முன் கரைசலை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். பால் நிறமாக இருந்தது திடீரென்று கண்ணாடி மாதிரி மாறும், கரண்டி கனக்கும். அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். இன்னும் கொதிக்கவிட்டால் இழை இழையாக நீளும், பிரஷ்ஷில் வராது. ஆறியதும் மேலே ஆடை கட்டும், அதை எடுத்துப் போட்டுவிட்டு, துணியில் ஒரு முறை வடிகட்டிப் பயன்படுத்துங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சுவது நல்லது, மறுநாள் புளித்துவிடும்.

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் ஆகிவிடும். மாவுப் பசையை நனைத்தால் விட்டுவிடும். பழைய புத்தகங்களையும் சுவடிகளையும் செப்பனிடுகிறவர்கள் இன்றைக்கும் மாவுப் பசை பயன்படுத்த அதுதான் காரணம்: வேண்டும்போது பிரிக்கலாம். பெட்டியில் ஒட்டிய துணியைக் கூட ஈரத்துணி போட்டு ஊறவிட்டு உரித்தெடுத்து, அட்டையைத் தனியாக எடைக்குப் போடலாம். ஹாட் குளூ வைத்தால் இது நடக்காது.

மூலைச் சேர்ப்பில் மட்டும் உறுதி போதாது என்று தோன்றினால், துணிப் பட்டையை மாவுப் பசையில் தோய்த்து உள்ளும் புறமும் ஒட்டுங்கள். பழைய வேட்டிக் கிழிசல் போதும். காய்ந்த பிறகு பிய்த்துப் பாருங்கள், அட்டைதான் கிழியுமே தவிர மூலை விடாது.

---

ஓசூர் கார்ட்டன்

ஆமாம் அக்கா, ஸ்டார்ச்தான். அதனால்தான் நனைந்த பெட்டி ஏடு ஏடாகப் பிரிகிறது.

அதே காரணத்தால் ஈரத்தில் கவனம் வேண்டும். காற்றில் ஈரம் ஏறி 90 சதவீதம் போனால் அட்டையின் தாங்கும் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் ரோஜா அனுப்பும் பெட்டிகள் குளிர் அறையில் கிடந்து வருபவை. வெளியே எடுத்ததும் வேர்த்துப் போய் ஊதிவிடும். காயவைத்தாலும் பழைய உறுதி வராது. பெட்டி செய்ய அதை எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஓசூரில் காய்ச்சிய பசையில் வேலை செய்தால் காய நேரம் பிடிக்கும், பூசணமும் வரும். மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

---

பென்னாகரம் வீடு

மாவுப் பசை என்றால் பூச்சி வராதா? எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டி வைத்தாலே கரப்பான் குடியேறிவிடுகிறது. அப்புறம் துணியையும் புத்தகத்தையும் அரிக்கும் ராமபாணப் பூச்சி வேறு. இதை நினைத்துத்தான் நான் ஃபெவிகாலை விடாமல் இருக்கிறேன்.

---

அரூர் குழு அக்கா

பயம் நியாயமானதுதான். எங்கள் குழுவில் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

அட்டை வந்ததும் வெட்டுவதற்கு முன்னால் விரித்து, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காயவைப்போம். நெளி ஓட்டைக்குள்தான் கரப்பான் முட்டை வைக்கும், தட்டினால் உதிரும். வெட்டிய பிறகு ஓட்டை தெரியும் ஓரம் எதையும் திறந்தபடி விடக்கூடாது. பிரவுன் பேப்பரில் விரற்கடை அகலப் பட்டை வெட்டி எல்லா ஓரத்தையும் மூடிவிட வேண்டும். இதைச் செய்தாலே பாதிப் பூச்சித் தொல்லை தீரும், பெட்டியும் அட்டை மாதிரி தெரியாது.

பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். பூச்சி வராது, ஆனால் அது விஷம். குழந்தை விளையாடும் பெட்டிக்கும் தின்பண்டம் வைக்கும் பெட்டிக்கும் கூடவே கூடாது. நாங்கள் அதைத் தொடுவதில்லை. வெந்தயத்தை ஊறவைத்து நைசாக அரைத்துப் பசையோடு கலக்கிறோம். பசைக்கு நல்ல பிடிப்பும் வரும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய பேப்பரை ஊறவைத்து வெந்தயத்தோடு ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் கூடை செய்திருப்பார்கள். மூங்கில் முறத்தின் ஓட்டையை அடைக்கவும் அதையே பூசினார்கள். எங்கள் ஊரில் இன்னமும் சில வீடுகளில் அந்தக் கூடையில்தான் வெங்காயமும் பூண்டும் கிடக்கிறது. பெட்டி வெட்டும்போது விழும் துண்டுகளை நாங்கள் வீணாக்காமல் அந்தக் கூழுக்குச் சேர்த்துவிடுகிறோம். கூழில் சின்னச் சின்னப் பூ, இலை உருட்டி ஒட்டினால் பிளாஸ்டிக் பூவே வேண்டாம்.

பெட்டிக்குள்ளே ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். ஓலைச்சுவடிக்கே அதைத்தான் வைத்தார்கள்.

---

பென்னாகரம் வீடு

ரொம்ப நன்றி அக்கா. ஓரம் மூடுவது எனக்குத் தோன்றவே இல்லை.

---

பர்கூர் ஜவுளி

எங்கள் தொழிலில் இருந்து ஒரு செய்தி. பர்கூரில் ஜவுளிக் கடைகளுக்குப் புடவை வந்திறங்கும் கார்ட்டன்கள் ஒரே அளவில், ஒரே கனத்தில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். எண்ணெய், ஈரம் எதுவும் படாதவை. பெட்டி செய்யும் குழுக்கள் ஏதாவது ஒரு கடையோடு பேசி வைத்துக்கொண்டால் அட்டைக்கு அலைய வேண்டியதில்லை.

ஒரு கேள்வியும் உண்டு. கல்யாண வீட்டுக்காரர்கள் ஸ்வீட் பாக்ஸ் கேட்கிறார்கள், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் தாள் சுற்றித் தரச் சொல்கிறார்கள். பழைய அட்டையில் செய்த பெட்டியில் அப்படிக் கொடுக்கலாமா?

---

பாலக்கோடு வாத்தியார்

இரண்டுக்குமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அதன் பிறகு மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் கொண்டுவந்த தடையில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பாக்கெட் ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அலங்காரத் தெர்மாகோலும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே பளபளப்புத் தாள் வேண்டும் என்கிற வாடிக்கையாளரிடம் சட்டத்தையே காட்டலாம்.

தின்பண்டம் பற்றி. மறுசுழற்சி அட்டையில் பழைய செய்தித்தாளின் அச்சு மை வழியாக வந்த கனிம எண்ணெய் எச்சம் இருக்கும், நெய்ப் பண்டத்துக்குள் அது இறங்கும். செய்தித்தாளில் உணவு கட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்வதும் இந்த மாதிரிக் காரணத்துக்காகத்தான். லட்டு, மைசூர்பாகை நேரடியாக வைக்கவே கூடாது. இனிப்பை எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ போட்டு, அந்த ஜாடிக்கு அளவான பெட்டி செய்யுங்கள். வாழையிலை வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சரி, இரண்டு நாள் இருக்கும் இனிப்புக்குச் சரிவராது.

---

அரூர் குழு அக்கா

விற்பனை பற்றியும் பேசிவிடலாம், நிறையப் பேர் தனியாகக் கேட்கிறார்கள்.

சிவகாசியில் அச்சடித்து வரும் டூப்ளக்ஸ் (நெளி இல்லாத, ஒரு பக்கம் வெள்ளையான அட்டை) பெட்டியின் விலைக்கு நம்மால் கொடுக்க முடியாது. முயற்சி செய்தால் கூலி கட்டாது. அட்டை சும்மா கிடைக்கிறது என்பதால் பெட்டியையும் சும்மா கொடுப்பது போல விலை சொல்லிவிடுகிறார்கள், அங்கேதான் பெண்கள் ஏமாறுகிறார்கள். இதில் செலவே கை வேலைதான். வெட்ட, ஒட்ட, ஓரம் மூட, காகிதம் சுற்ற, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை எழுதி வைத்து, அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போனால் கிடைக்கும் கூலிக்குக் குறையாமல் கணக்குப் போட்டு விலை வையுங்கள். அந்த விலைக்குப் போகவில்லை என்றால் அந்த மாதிரியை விட்டுவிட்டு வேறு மாதிரி யோசிக்க வேண்டும், கூலியைக் குறைக்கக் கூடாது.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு நாள் முழுக்க வெட்டு மட்டும். மறுநாள் மூலை ஒட்டுவது. பசை காயும் நேரத்தில் அடுத்த அடுக்கு. வெட்டுக்கு ஏழு பிளை அட்டையில் ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறோம், அதை வைத்து வரைந்தால் எத்தனை பெட்டி செய்தாலும் அளவு மாறாது. கல்யாணத்துக்குக் கேட்கிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள், அது நியாயமும்கூட.

விற்க, மகளிர் குழுப் பொருட்களுக்கென்றே இருக்கும் பூமாலை வளாகம், மாங்கனிக் கண்காட்சி, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சந்தையில் விலை பேசுவார்கள். கண்காட்சியில் கையால் செய்ததற்கு மதிப்புக் கொடுத்து வாங்குவார்கள்.

---

பாலக்கோடு வாத்தியார்

அரூர் சகோதரி சொன்னதற்கு ஒரு வரி சேர்க்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்தான் இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. கூலிக் கணக்கு எழுதிப் பழகிய குழுக்கள் நம் ஊரில் இருப்பதில் வியப்பில்லை.

---

காவேரிப்பட்டணம் மாணவி

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு பக்கமும் ஒட்டிப் பாரம் வைத்தேன். மூடி நேராக வந்துவிட்டது!

இப்போது அலங்காரத்துக்கு வருகிறேன். கிளிட்டரும் பெயின்ட்டும் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்யலாம்? பழுப்பு அட்டையே தெரியட்டும் என்று விட்டால் அம்மா "முடிக்காத வேலை மாதிரி இருக்கு" என்கிறார்.

---

கிருஷ்ணகிரி அட்டைப்பெட்டி

பழுப்பு நிறத்தை மறைக்காதே, அதன் மேல் வெள்ளை போட்டுப் பார். பர்கூர் பக்கத்தில் மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, வெள்ளை நிறத்தில். குதிரை மேல் ஆட்கள், கையில் ஆயுதம், எல்லாம் நாலைந்து கோட்டில் முடிந்துவிடும். அந்தப் பாறையின் நிறமும் அட்டையின் பழுப்புக் காகிதத்தின் நிறமும் அவ்வளவு பொருந்தும். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த கோல மாவில் கொஞ்சம் மரவள்ளிப் பசை கலந்து, தென்னங்குச்சி முனையை நசுக்கித் தொட்டு வரைந்தால் போதும். ஈரமாக இருக்கும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். காயக் காய வெள்ளை எழும்பி வரும். அந்த நேரத்தில் மேலே மேலே பூசாதே, தடித்து உதிர்ந்துவிடும்.

வாசலில் போடும் புள்ளிக் கோலமும் மூடிக்கு அழகு. நடுகல் வீரன் உருவம் இன்னொன்று. நம் மாவட்டங்களில் நடுகல்லுக்குக் குறைவே இல்லை, தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுபோய்ப் பார்த்து வரைந்துவா.

நெளியையே அலங்காரமாக்கவும் வழி உண்டு. மேல் காகிதத்தில் ஈரத்துணி போட்டுச் சற்று ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் உள்ளே இருக்கும் நெளி வரிசை வெளியே தெரியும். நெடுக்குக் கோடு போட்ட மரச் செதுக்கல் போலவே இருக்கும். அம்மாவிடம் அதைக் காட்டு.

---

தருமபுரி பழைய பேப்பர்

அரிசி மாவு, மரவள்ளிப் பசை, பருத்தித் துணிப் பட்டை, காகிதம். இப்படி வந்தால் நான் தாராளமாக எடுப்பேன், துணியை மட்டும் உரித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டு எந்திரப் பெட்டிகள் வந்தால் கட்டில் சேர்க்காமல் தனியாக ஒதுக்கி வைக்கிறேன். குழு நடத்துகிறவர்கள் தருமபுரிப் பக்கம் எந்தப் பழைய பேப்பர் கடையில் கேட்டாலும் எடை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கலாம். பொறுக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும்.

---

காவேரிப்பட்டணம் மாணவி

உரித்துப் பார்த்தேன், அம்மாவுக்கே பிடித்துவிட்டது. கடைசியாக ஒன்று. கண்ணாடி வளையல் வைக்க வட்டப் பெட்டி வேண்டும் என்று சித்தி கேட்கிறார். அளவு 2.6. எப்படி வெட்டுவது?

---

கிருஷ்ணகிரி அட்டைப்பெட்டி

அந்த உரித்த அட்டைதான் இதற்குச் சரியான அட்டை. ஒரு பக்கம் காகிதம் போனதால் நெளிக்கு இசைவாக எளிதில் சுருளும். நெளி மேலிருந்து கீழாக நிற்கட்டும்.

2.6 வளையலின் உள்விட்டம் 6 சென்டிமீட்டர். கண்ணாடியின் கனம் சேர்ந்தால் வெளியே ஆறரைக்குச் சற்று மேலே போகும். பெட்டியின் உள்விட்டம் 7 என்று வை. சுற்றளவு 22, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்ட இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து 24 நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டு. தட்டைக் காகிதம் உள்ளே, நெளி வெளியே. அடிக்கு 7 சென்டிமீட்டர் வட்டம் இரண்டு, நெளி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த டப்பா ஏதாவது கிடைத்தால் அதில் சுற்றி நூல் கட்டிக் காயவிடு, வட்டம் கோணாமல் வரும்.

நடுவில் ஒரு தூண் வேண்டும், இல்லையென்றால் வளையல் ஆடி உடையும். பழைய காலண்டர் தாளை ஐந்தரை சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுருட்டி ஒட்டி, மேலே மெல்லிய பருத்தித் துணி சுற்று. பெட்டியின் உயரத்தை விட அரை சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும், அப்போதுதான் மூடி முழுசாக அமரும். தூணை அடியில் ஒட்டுவதற்கு முன் சித்தியின் வளையலை ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடு.